யுரேனியம் போட்ட பாதை

மலைப்பாதை என்றால் சரிவை ஒட்டி வளைந்து வளைந்துதான் ஏறும். அர்க்கரூலாவின் ரிட்ஜ்டாப் பாதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு முகட்டின் உச்சிக்கு விறுவிறுவென்று ஏறி, மறுபக்கம் சரிந்து இறங்கி, அடுத்த முகட்டைப் பிடிக்கிறது. போட்டவர்களுக்குச் சுற்றுலா நினைப்பே இருந்திருக்காது. துளைபோடும் எந்திரம் மலைமேல் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடகோடியில் இருக்கிறது அர்க்கரூலா. அடிலெய்டிலிருந்து 600 கி.மீ.க்கு மேல். கோப்ளி என்ற சிற்றூரோடு தார்ச்சாலை விடைபெற்றுக்கொள்ளும். மிச்சம் ஏறத்தாழ 130 கி.மீ. மண்ணும் சரளையும்தான். முந்தின நாள் அதில் வந்து சேர்ந்தபோது, மூடிவைத்த பைக்குள் மடித்திருந்த சட்டையெல்லாம் செம்மண்.

ரிட்ஜ்டாப்பில் அவரவர் வண்டியை ஓட்ட முடியாது. கூரையில்லாத ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், பெஞ்சு வரிசையில் உட்காரவைத்து அர்க்கரூலாக்காரர்களே அழைத்துப் போகிறார்கள். போக வர 42 கி.மீ.; பிடிக்கும் நேரம் நான்கு மணிக்கு மேல். பாதையின் லட்சணம் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கிளம்பியதும் கொஞ்ச தூரம் ஓடைப் படுகை. ஓடை என்று பெயர்தான். கூழாங்கல் கிடக்கிறது, கரையில் வெள்ளைத் தண்டோடு யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன, தண்ணீரை மட்டும் காணோம். பிறகு ஏற்றம். ஓட்டுநர் கியரை இறக்கிப் போட்டதும் வண்டியில் பேச்சு நின்றுவிட்டது. சரிவெங்கும் ஸ்பினிஃபெக்ஸ் புல் மெத்தை மெத்தையாக, தூரத்துக்குப் பஞ்சுபோல் தெரிகிறது. முதல் நிறுத்தத்தில் ஆசையாகத் தடவினேன். ஒவ்வொரு இதழும் ஊசி. குத்திய முனை உள்ளேயே ஒடிந்து நின்று, ராத்திரி வரை விரல் கடுத்தது.

மவுண்ட் கீ குன்றை நெருங்கும்போது வழியோரக் கற்கள் மினுங்கத் தொடங்கும். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பொங்கி வந்து பாறையிடுக்குகளில் விட்டுப்போன படிகக்கல் அது. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். உட்குழிவில் நகக்கண் அளவுப் பட்டைகள், மாதுளை முத்துகள்போல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. திரும்ப அதே இடத்தில் வைத்தேன்; இங்கே கல் பொறுக்கக் கூடாது.

பக்கத்தில் மவுண்ட் பெயின்டர். இந்தப் பாதைக்கு மூல காரணம் அதுதான். 1910-இல் இங்கே கிடைத்த பச்சைக் கனிமத்தில் யுரேனியம் இருப்பதை அடையாளம் சொன்னவர், அண்டார்டிகா பயணங்களால் புகழ்பெற்ற டக்ளஸ் மாசன். அன்று ரேடியத்துக்குத்தான் மவுசு. தாதுவை ஒட்டகங்கள் சுமந்து இறக்கின. 1944-இல் அணுகுண்டு அவசரத்தில் மறுபடி தேடினார்கள். அந்தக் குழுவில் மாசனின் மாணவர் ரெஜ் ஸ்ப்ரிக் இருந்தார். 1960களில் ஒரு நிறுவனம் புல்டோசரோடு வந்து முகடுகளை வகுந்தது. தேடிய அளவுக்குக் கிடைக்கவில்லை. பாதை மட்டும் தங்கிவிட்டது.

ஸ்ப்ரிக் சாதாரண ஆள் இல்லை. 1946-இல் எடியகாரா குன்றுகளில் மெல்லுடல் உயிரிகளின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தவர். அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2004-இல் அந்தக் குன்றுகளின் பெயரில் புவியியல் காலத்துக்கே ஒரு புது அத்தியாயம் சேர்ந்தது. யுரேனியம் தேடி வந்த அதே மனிதர் 1968-இல் மனைவி கிரிசெல்டாவோடு அர்க்கரூலாவை வாங்கிச் சரணாலயமாக்கினார். யுரேனியம் தேடப் போட்ட பாதையை மூடவும் இல்லை. அதிலேயே ஆட்களை ஏற்றி, மலையைக் காட்டினார். 2012-இல் இங்கே சுரங்கமே கூடாதென்று மாநிலம் தனிச்சட்டம் போட்டது. மேலே ஏறிப் பார்த்தவர்கள் இத்தனை பேர் இல்லையென்றால் அந்தச் சட்டத்துக்குக் குரல் கொடுக்க யார் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாதையின் தழும்பு மலைமேல் அசிங்கமாகத்தான் தெரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி ஏற்றத்தில் வண்டியின் மூக்குக்கு முன்னால் வெறும் வானம். கம்பியை எல்லோரும் இறுக்கிப் பிடித்திருந்தோம். சட்டென்று சமமானது. சில்லர்ஸ் லுக்அவுட். வண்டி நிற்கவும் திரும்பவும் மட்டுமே இடம். 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கிரானைட் முகடுகள் சுற்றிலும் செக்கச்செவேல் என்று அடுக்கடுக்காக. கிழக்கே மலை பொசுக்கென்று முடிந்து சமவெளி. அதன் விளிம்பில் வெள்ளைக் கோடாக ஃப்ரோம் ஏரி. "தண்ணீரா அது?" என்றார் ஒருவர். "உப்பு" என்றார் ஓட்டுநர்.

இந்த மண்ணின் அட்னியாமதான்ஹா மக்கள் அதற்குக் கதை வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிய பெரும்பாம்பு ஏரியை ஒட்ட உறிஞ்சிவிட்டு, கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பியதாம். அது ஊர்ந்த தடம்தான் பள்ளத்தாக்கு. குடித்த உப்புநீர் வயிற்றைப் புரட்டும்போதெல்லாம் மலை உறுமும். இங்கே சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் சகஜம்.

தேநீரும், தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் தந்தார்கள். காற்று பாதித் துருவலைப் பள்ளத்துக்குக் கொண்டுபோனது. வரும்போது வலதுபக்கம் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துப் பார்த்து முகம் வெளுத்திருந்த அம்மா, குவளையைக் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஏறி, இடதுபக்கம் இடம் பிடித்துக்கொண்டார். வண்டி வந்த வழியே திரும்பியது. பள்ளம் இப்போது இடதுபக்கம்.