சாடிக்குள் ஆலமரம்

கொட்டாஞ்சேனையின் பழைய சுவர் வெடிப்புகளில் ஆலங்கன்று முளைப்பது புதினமல்ல. காகமும் மைனாவும் கொண்டுவந்த விதைகள். சுவரைப் பிளந்துவிடுமென்று பிடுங்கி எறிவார்கள். அப்படியொன்றை வேரோடு எடுத்து, அடியில் துவாரமுள்ள சாடியில், மணலும் செங்கல் துகளும் கலந்த மண்ணில் நட்டேன். யப்பானியரின் பொன்சாய்க் கலையைப் புதிதாகப் பழகுவோருக்கு ஆல், அத்தி இனங்களே இலகு.

ஒரு கிழமையில் இலைகள் கொட்டிவிட்டன. எங்கள் நிலையத்துக்கு வரும் முல்லைத்தீவு அம்மா ஒருவர் தண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை, பாலும் கசிந்தது.

"இடம் மாறினா இப்பிடித்தான் பிள்ளை. எறிஞ்சு போடாதேங்கோ. தண்ணியையும் அள்ளி ஊத்தாதேங்கோ."

உண்மைதான். மேல்மண் காய்ந்த பின்பே நீர் விடவேண்டும். இல்லையேல் வேர் அழுகும். நல்ல வெளிச்சமும் வேண்டும். ஐந்தாம் கிழமை மூன்று துளிர்கள் வந்தன. கம்பி சுற்றிக் கொப்பை வளைக்க அம்மா இன்னும் விடவில்லை.