நிற்கக்கூடாத புள்ளி

சுவரில் பச்சை ஒளியால் எழுதப்பட்ட சொல்லைப் பார்ப்பவர்கள் அங்கே ஒரு சொல் இருப்பதாகவே நம்புகிறார்கள். உண்மையில் எந்தக் கணத்திலும் அங்கிருப்பது ஒரே ஒரு புள்ளி. அது நொடிக்கு இருபது முப்பது முறை அச்சொல்லின் வளைவுகளில் ஓடித் திரும்புகிறது. அந்த விரைவைக் கண்ணால் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே ஓட்டம் நமக்கு உருவமாகத் தோன்றுகிறது. லேசர் ஒளிக்காட்சியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இச்சூட்சுமம் லேசரைவிட மூத்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் லிசாஜூ, 1857-ஆம் ஆண்டளவில், இரண்டு இசைக்கவைகளில் சிறு ஆடிகளைப் பொருத்தி, ஒன்றில் பட்டுத் தெறித்த ஒளியை மற்றொன்றில் விழச்செய்து, அதிர்வுகளைத் திரையில் கோலங்களாக வரைந்து காட்டினார். 1960-இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்தபின், அக்கோலத்துக்கு ஏற்ற கூர்மையான எழுதுகோல் கிடைத்தது. 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் வானாய்வகத்தின் கோளரங்கில் ஐவன் டிரையர் தொடங்கிய ‘லேசேரியம்’ அங்கு 2002 வரை நடந்தது. அன்று பெரும்பொருள் செலவிட்டோர்க்கே வாய்த்த கருவியை இன்று ஆர்வலர்கள் வீட்டு மேசையில் பூட்டிவிடுகிறார்கள்.

எங்கள் மூவரின் மாலைப்பொழுதுகளையும் ஓராண்டுக்கு மேலாக அப்படியொரு கருவிதான் விழுங்கியது. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். ஒருவர் அங்கேயே இயற்பியல் கற்பிப்பவர். மூன்றாமவர் திருவிழாக்களுக்கு மைக்செட்டும் சீரியல் செட்டும் கட்டுபவர். கருவியின் உள்ளுறுப்புகள் மிகச் சில. 638, 520, 450 நானோமீட்டர் அலைநீளங்களில் சிவப்பு, பச்சை, நீல டயோடுகள் மூன்று. ஒரு நிறத்தைத் தெறிக்கவிட்டு மற்றொன்றை ஊடுருவவிடும் டைக்ரோயிக் ஆடிகள் அம்மூன்றையும் ஒரே கற்றையாக்குகின்றன. கற்றை அடுத்துச் சந்திப்பது விரல்நகம் அளவேயான இரண்டு ஆடிகளை. ஒன்று இடவலமாகவும் மற்றொன்று மேல்கீழாகவும் ஆடும். அவற்றை ஆட்டுவிப்பவை கால்வனோமீட்டர் என்னும் மோட்டார்கள். ஆர்வலர் வழக்கில் ‘கால்வோ’.

மூன்று நிறங்களையும் ஒரே கோட்டில் நிறுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கருவியின் அருகே வெள்ளையாகத் தெரியும் புள்ளி, பத்து மீட்டர் தள்ளிய சுவரில் மூன்றாகப் பிரிந்து நிற்கும். ஆடியின் திருகை மயிரிழை திருப்பினால் சிவப்பு வந்து சேரும்; நீலம் விலகிப்போகும்.

அதைவிட நுட்பமானது கால்வோவைச் சீர்படுத்துவது. இதற்கெனப் பன்னாட்டளவில் வழங்கும் சோதனைப்படம் ஒன்றுண்டு. அதன் நடுவில் ஒரு சதுரம், ஒரு வட்டம். கணினித் தரவில் வட்டம் சதுரத்தை மீறித் துருத்திக்கொண்டிருக்கும். குறித்த வேகத்தில் ஓடும்போது கால்வோ சற்றே பின்தங்குவதால் வட்டம் சுருங்கி, சதுரத்தின் பக்கங்களை உள்ளிருந்து தொடவேண்டும். தொட்டால் கருவி சீராக இருக்கிறது என்று பொருள். கருவியின் குறையையும் கணக்கில் சேர்த்தே வரையப்பட்ட அப்படத்தை நாங்கள் நெடுநேரம் வியந்துகொண்டிருந்தோம்.

பிறகுதான் தமிழ் எழுத வந்தோம். எங்கள் கால்வோ நொடிக்கு 20,000 புள்ளிகளைத் தாங்கும். படம் நடுங்காமலிருக்க நொடிக்கு 25 முறையாவது திரும்ப வரையவேண்டும். ஆக, ஒரு படத்துக்கு 800 புள்ளிகளே கிடைக்கும். அதற்குள் வளைவுகள் வேண்டும். ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது ஒளியை அணைத்துச் செல்லும் இருட்டுப் புள்ளிகளும் வேண்டும். டகரம், பகரம் போன்றவற்றின் செங்கோண மூலைகளில் ஒரே இடத்தில் பல புள்ளிகளை அடுக்கவேண்டும். இல்லையேல் ஆடி தன் நிலைமத்தால் மூலையை மழுக்கிவிடும். வட்டெழுத்துக் காலத்தில் இக்கருவி வந்திருந்தால் ஆடிகளுக்கு எவ்வளவோ நிம்மதி என்று இயற்பியலாரைச் சீண்டினோம். ஆனால் வளைவிலும் சிக்கனம் ஓரளவுக்குத்தான். ழகரத்தின் கீழ்ச்சுழியில் மிகுதியாகப் புள்ளிகளைக் குறைத்தால் அது மகரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஓர் எழுத்தை அவ்வெழுத்தாகவே நிறுத்தி வைக்க எது இன்றியமையாதது என்னும் கேள்வியை எழுத்திலக்கண வகுப்புகள் இத்தனை கூர்மையாக எங்கள்முன் வைத்ததில்லை.

எல்லாவற்றினும் கடினமாக வாய்த்தது மெய்யெழுத்தின் புள்ளி. ‘தமிழ்’ என்னும் சொல்லின் முடிவில் ழகரத்தின் தலைமேல் ஒளி ஓரிடத்தில் நின்றால்தான் அது புள்ளி. ஓடும் கற்றை தன் ஆற்றலைக் கோடு முழுதும் பங்கிட்டுத் தருகிறது. நிற்கும் கற்றையோ முழுவதையும் ஓரிடத்தில் கொட்டுகிறது. ஓலைச்சுவடிகளில் மெய்களுக்குப் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்ததைச் சுவடி படித்தோர் அறிவர். எழுத்தாணியின் முனை அழுந்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எங்கள் எழுத்தாணியும் பொத்தக்கூடியதே. இங்கே ஓலையின் இடத்தில் இருப்பது மனிதரின் விழித்திரை.

இது மிகைக்கூற்றன்று. எங்கள் கருவியின் மொத்தத் திறன் ஒரு வாட். 500 மில்லிவாட்டைத் தாண்டும் காணொளிக் கற்றைகள் அபாய வரிசையின் உச்சமான நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. கண்ணின் வில்லை லேசர் கற்றையை விழித்திரையில் மிகச் சிறிய இடத்தில் குவித்துவிடும். இமை மூடக் கால் நொடி ஆகும். சேதத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. 2008 ஜூலையில் மாஸ்கோவுக்கு வடகிழக்கே கிர்ஷாச் நகரருகே நடந்த திறந்தவெளி இசைவிழாவில் மழைக்காகக் கூடாரங்கள் போடப்பட்டன. லேசர் கற்றைகள் கூட்டத்தின் மேல் பாய்ந்தன. ஏறத்தாழ முப்பது பேர் பார்வைப் பாதிப்புக்கு ஆளானார்கள்.

ஆகவே எங்கள் கருவியில் படம் வரையும் மின்சுற்றைவிட நாங்கள் அதிகம் பாடுபட்டது அணைக்கும் மின்சுற்றுக்காக. ஆடிகளின் அசைவை அது இடைவிடாமல் கண்காணிக்கும். அசைவு நின்றால் ஒளியை உடனே வெட்டும். திறப்புச் சாவியும், கையெட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்துபொத்தானும் உண்டு. மெய்ப்புள்ளியை நிற்கும் ஒளியாக எழுதாமல், கண்ணுக்குப் புள்ளியாகவே தோன்றும் சிறு வட்டமாகச் சுழலவிட்டோம்.

தமிழ் மன்ற விழாவுக்கு இரண்டு நாள் முன்பு விழாப் பொறுப்பாளர்களில் ஒருவர் வந்தார். “சார், சுவர்ல எழுதினா யார் பாக்கிறது? பிள்ளைங்க மேல கதிர் பாய்ஞ்சாத்தானே களைகட்டும்!” என்றார். திரைப்படங்களில் பார்த்திருக்கிறார், அவர் விருப்பத்தில் தவறில்லை. அமெரிக்க விதிகள் பார்வையாளர் நிற்கும் தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே இத்தகைய கற்றைகள் வருவதைத் தடுப்பதைச் சொன்னோம். “இந்த ஊருக்கு அதெல்லாம் எதுக்கு?” என்றார். கண் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றார் மைக்செட் நண்பர். கதிர் கூட்டத்தின் மேல் பாயவேண்டுமென்றால் கருவி வராது என்று மூவரும் ஒருமுகமாகச் சொன்னோம். அவர் மனத்தாங்கலுடன் போனார். விழாவன்று நூலகக் கட்டடத்தின் உயரச் சுவரில் மட்டும் எழுதினோம். ‘இவ்வளவுதானா?’ என்று சில மாணவர்கள் கேட்டது உண்மை. ‘ழ்’ வந்து நின்றபோது கைதட்டினார்கள் என்பதும் உண்மை.

இலக்கணத்தில் புள்ளியின் தொழில் அடக்குவது; தான் ஏறிய எழுத்தின் அகரத்தை அது அடக்கி, ஒலியை மெய்யளவில் நிறுத்துகிறது. ஒளியால் எழுதும்போது அந்தப் புள்ளிக்கும் நிற்க உரிமையில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு, கருவியை வெற்றுச் சுவரை நோக்கி வைத்து, யாரும் எதிரில் இல்லையென உறுதிசெய்தபின், கால்வோவுக்குச் செல்லும் கம்பியை வேண்டுமென்றே பிடுங்குகிறோம். ஒளி அந்தக் கணமே அணையவேண்டும். அணைந்தால்தான் அன்றைக்கு எழுதுகிறோம்.