மடிந்து கிடக்கும் கல்

ஆங் மோ கியோவில் உங்களுக்குச் சொந்தபந்தம் யாரேனும் இருக்கிறார்களா? அடுத்த முறை போகும்போது கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள்!

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்த ஊர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடம். 1970-களில்தான் புதுநகர் எழுந்தது. இதன் அடியில் இருப்பது கருங்கல். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகியது. அதில் அடுக்குக் கிடையாது.

ரயிலேறுங்கள். அடுத்த நிலையமான பீஷானில் வட்டப் பாதைக்கு மாறி, லாப்ரடார் பார்க்கில் இறங்கி, கடற்கரைப் பக்கம் நடந்து போங்கள். அங்குள்ள பாறை வேறு ஜாதி. மணலும் சேறும் படிந்து படிந்து கல்லானது. ஆனால், அடுக்குகள் படுத்திருக்கவில்லை, சாய்ந்து நிற்கின்றன!

ஏன்? ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி, இரு பக்கமும் நெருக்கிப் பாருங்கள். நடுவில் புடைக்கும், பக்கத்தில் குழியும். புடைத்தது மேல்மடிப்பு, குழிந்தது கீழ்மடிப்பு, இடையிலுள்ள சரிவு மடிப்பின் பக்கம். ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலப்பகுதிகள் மோதி நெருக்கியதில், சிங்கப்பூரின் தென்மேற்குப் பாறைகள் இப்படித்தான் மடிந்தன.

கல் எப்படி ஐயா வளையும் என்கிறீர்களா? மெழுகுவத்தியை வெடுக்கென்று வளைத்தால் முறியும். சூடு காட்டி மெல்ல வளைத்தால் வளையும். ஆழத்தில் சூடும் உண்டு, அவசரமும் இல்லை!

இதே இனப் பாறையில், ஜூரோங் தீவருகே கடலடிக்கு 130 மீட்டர் கீழே எண்ணெய்க் குகைகள் குடைந்து, 2014-இல் திறந்தார்கள். அடுக்கின் சாய்வு அறியாமல் குடைந்தால் கூரை நிற்குமா?

நமக்கும் இதில் பாடம் உண்டு. அடுக்குகள் மலைச்சரிவின் பக்கமே சாய்ந்திருந்தால், மழைநீர் இடையில் இறங்கி வழுக்கச் செய்யும். மண்சரிவுக்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியதை மறப்போமா?

லயத்துக்கு மேலே தரை வெடித்தாலும், மரம் சாய்ந்தாலும், புதிதாக ஊற்றுக் கிளம்பினாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். பிறகு மற்றவர்க்கும் சொல்லுங்கள்.