புறக்காழ்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்தேர்வு விடைத்தாளில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். தொல்காப்பிய மரபியலில் வரும் புல், மரம் என்ற பாகுபாட்டைப் பற்றிய வினா அது. வயிரம் புறத்தே இருப்பது புல், அகத்தே இருப்பது மரம் என்பது தொல்காப்பியர் வகுத்த வேறுபாடு. காழ் என்றால் வயிரம். நானோ ஆண்டுதோறும் கரும்பலகையில் 'உள்ளீடற்றது புல்' என்று சுருக்கி எழுதி வந்தேன். மூங்கிலை எடுத்துக்காட்டினால் மாணவர்கள் தலையசைத்து விடுவார்கள்.

அந்த மாணவன், கரும்பினுள் வெற்றிடம் இல்லை, ஆயினும் அது புல்லே என்று எழுதியிருந்தான். இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்து, ஓரத்தில் 'பாடத்தைப் படிக்கவும்' என்று குறித்தேன்.

தாளை வாங்கியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் மேசைமேல் நாளிதழில் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. கரும்புத் துண்டு, சோளத்தட்டை, நெல்தாள், கோரை. கோபம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று, சவர அலகால் ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்தேன்.

நெல்தாள் என் பக்கம் நின்றது. கணுவுக்குக் கணு அடைப்பு. இடையில் வெறும் குழல். இளம் தண்டில் நடுவே இருக்கும் மென்சதை, தண்டு விரைந்து நீளும்போது கிழிந்து மறைந்துவிடுகிறது. ஆனால் கரும்பும் சோளத்தட்டையும் நடுவரை நிறைந்திருந்தன. நீரும் சாறும் ஏறும் நார்க்கற்றைகள் அந்தச் சதை முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தன. ஓரத்தை நெருங்க நெருங்க அவை நெருக்கமாகி, தோலருகே ஒரே கெட்டியாயின. சோளத்தட்டையை உரித்து மாட்டுவண்டி செய்து விளையாடியவன் நான். உள்ளே சதை இருப்பதை என் கை அறிந்திருந்தது. எழுதிப்போட்ட கைக்கு மட்டும் அது நினைவில்லை.

கோரை வேறொரு சங்கதி. முப்பட்டைத் தண்டு, கணுவே இல்லை, உள்ளும் நிறைவு. தாவரவியலார் அதைப் புற்குடும்பத்திலேயே சேர்ப்பதில்லை. ஆனால் தொல்காப்பியரின் புல் இன்றைய குடும்பப் பெயரைவிட அகன்றது. ஓலையையும் மடலையும் அவர் புல்லின் உறுப்புகளாகவே எண்ணுகிறார். பனையை அறுத்தவர்களுக்கு இது விளங்கும். வீட்டுக் கூரைக்குப் பனங்கை எடுப்பது ஓரத்துக் கருமையிலிருந்துதான்; நடுப்பகுதி சோற்றுத்தன்மை கொண்டது. மரத்திலோ பட்டையின் அடியில் ஆண்டுதோறும் புதுப்படலம் சேர, முதிர்ந்த பழையது நடுவில் இறுகி வயிரமாகிறது. புல்லுக்கு அப்படிப் பருக்கும் வழியில்லை. மூங்கில் முளைக்கும்போதே தன் பருமனைக் கொண்டு வருகிறது. பிறகு உயர்வதும் இறுகுவதும் மட்டுமே. அந்த மூங்கிலிலும் கல்மூங்கில் பெரும்பாலும் உட்புழை குறைந்தது அல்லது இல்லாதது. தடிக்கு அதைத் தேடுவது அதனால்தான். என் எடுத்துக்காட்டே என்னைக் கைவிட்டது.

நூலில் 'புறத்தே வயிரம்' என்றுதான் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்ற பொருளை நான்தான் ஏற்றினேன். என் ஆசிரியர் அப்படிச் சொன்னதாக நினைவு. அவர்மேல் பழிபோட இப்போது மனமில்லை.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பிழையை ஒப்புக்கொண்டேன். உனக்கு எப்படித் தோன்றியது என்று அவனைக் கேட்டேன். தயங்கி எழுந்தான்.

"கரும்பு வெட்டும்போது கத்தி தோலில்தான் ஐயா தடுக்கும், அப்புறம் இறங்கிடும். வேலமரத்துல முதல்ல இறங்கும், நடுவுலதான் கோடாரி நிக்கும். அதைத்தான் அவர் சொல்றார்னு நினைச்சேன்."

விடுமுறைகளில் அவன் தந்தையோடு கரும்பு வெட்டப் போகிறவன் என்பதை அன்றுதான் அறிந்தேன். மதிப்பெண் பட்டியல் அதற்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. திருத்தக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். அவன் பெயருக்கு எதிரே அந்த இரண்டு மதிப்பெண் இன்றும் குறைவாகவே இருக்கிறது.