கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து வெயில்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதையை ஊரில் சொல்லும்போதெல்லாம் அவன் யாரோ ஒரு அசடு என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா மகன் வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பிய அன்று, ஒன்றரை அடி நீளப் பச்சை இகுவானாவைக் கண்ணாடித் தொட்டியோடு என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். "ஒரு தொந்தரவும் பண்ணாது மாமா. கீரை போடுங்க, வெளிச்சமான இடமாப் பாத்து வைங்க, அவ்ளோதான்."

வெளிச்சத்துக்குத் திருவண்ணாமலையில் என்ன பஞ்சம்! அக்னித் தலம். சித்திரை மதியம் கிரிவலப் பாதையில் தார் இளகி செருப்பைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கு ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைத்தேன். காலை வெயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும். அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கும். தினமும் கட்டுக் கட்டாகப் பாலக்கும் வெள்ளரிக்காயும் போட்டேன். நாலைந்து மாதத்தில் பின்னங்கால் தொடைகள் உருண்டு திரண்டு வந்தன. என் வளர்ப்பு என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அது சதை இல்லை. எலும்பில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு அந்த இடத்தில் நாரை வைத்து அடைத்து ஒப்பேற்றப் பார்க்கிறது. அந்த வீக்கத்தைத்தான் நான் புஷ்டி என்று நம்பியிருக்கிறேன். ஒருநாள் செம்பருத்திப் பூவைக் கவ்வப் போனது, கவ்வ முடியவில்லை. தாடையைத் தொட்டேன், ரப்பர் மாதிரி மடங்கியது. முன்கால் விரல்கள் தனித்தனியே துடித்துக்கொண்டிருந்தன.

"பசுவுக்கும் காக்காவுக்கும் சமாதி கட்டின ஊருங்க இது. ஓணானைச் சாகடிச்ச பேரு நமக்கு வேணாம்" என்றாள் மனைவி. ரமணாசிரமத்தைச் சொல்கிறாள். 1948இல் இறந்த லட்சுமிப் பசுவுக்கும், பக்கத்திலேயே ஒரு மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் அங்கே சமாதி இருக்கிறது. மறுநாள் விடிகாலை பஸ்ஸில், துளை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஆமாம், மடியில்தான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வெயில் படுதா?"

"காலையிலேர்ந்து ஜன்னல்ல நல்ல வெயில் சார்."

"கண்ணாடி ஜன்னலா?"

அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி, 290 முதல் 320 நானோமீட்டர் வரை உள்ளது, யூவிபி. தோலில் அது பட்டால்தான் இந்தப் பிராணிக்கு வைட்டமின் டி3 ஊறும். அது ஊறினால்தான் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி சூட்டை விடும், வெளிச்சத்தை விடும், யூவிபியை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடும். இத்தனை மாதம் நான் அதற்குக் காட்டியது வெயிலின் படம். போதாததற்குப் பாலக் வேறு. அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடுமாம். கொல்லையில் முருங்கை மரத்தை வைத்துக்கொண்டு கடையில் போய்ப் பாலக் வாங்கியவனை என்ன சொல்ல?

கால்சியம் மருந்தும் யூவிபி விளக்கும் எழுதிக் கொடுத்தார். கோணிய தாடை இனி நேராகாது, கெட்டிப்பட்டால் போதும் என்றார். ஊருக்கு வந்து எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டேன். "யூவி லைட்டுதானே? இருக்கு சார்" என்று தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் குழலை எடுத்து நீட்டினான் பையன். அது யூவிசி, கிருமியைக் கொல்வது. அதன் அடியில் படுக்க வைத்தால் கண்ணும் தோலும் வெந்துவிடும். நல்லவேளை, டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சரியான குழலைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதிலும் ஒரு சூது உண்டு. ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனால் யூவிபி தேய்ந்துவிடும், குழல் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். மாற்ற வேண்டிய தேதியை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பகலில் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, ராத்திரி நல்ல இருட்டு. அதற்கு உச்சந்தலையில் பொட்டு வைத்தாற்போல மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சம், இருட்டு, மேலே விழும் நிழல், இவ்வளவுதான் தெரியும். முக்கண்ணன் ஊரில் இருந்துகொண்டு இதை நான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கையோடு பதிவு வேலையும் முடிந்தது. நம்மூர் உடும்பை வளர்த்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறை. இகுவானா அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஆனாலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் அதைப் பதிய வேண்டும். ஐந்தடிக்கு மேல் வளரும், பதினைந்து வருஷத்துக்கு மேலும் இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் வயசோடு கூட்டிப் பார்த்துவிட்டு, அக்கா மகனுக்கு ஒரு போன் போட்டேன். எடுக்கவில்லை.

இப்போது மழை இல்லாத நாளெல்லாம் காலை எட்டு மணிக்குக் கம்பிவலைக் கூண்டில் மொட்டை மாடிக்குப் போகிறது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். அதனால்தான் வலை, அதிலும் பாதிக்குச் சாக்கு போட்டு நிழல். பூக்கார அம்மா கீழிருந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், ஓணானுக்கு வெயில் காமிக்கிறீங்களா? மலை மேல கெடக்குதுங்களே, அதுக்கெல்லாம் யாரு காமிக்கிறா?" என்று கேட்டார். பதில் இல்லாமல் ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் கைப்பிடிச் சுவரில் தோட்டத்து ஓணான் ஒன்று ஏறி வந்தது. தொண்டை சிவப்பேறியிருந்தது. கூண்டைப் பார்த்து முன்னங்காலை ஊன்றி எழும்பி, தலையை மேலும் கீழும் ஆட்டியது. நம்மாள் முருங்கையிலையை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கோணல் தாடையோடு, மெதுவாக, இரண்டு தரம் தலையாட்டியது.