அப்பா படிக்கிற மாதிரி

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலை கோபாலபுரத்தில் மாநிலம் மாறுகிறது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காட்டுச் சித்தூர் வட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. வீடுகளில் பேசிய தமிழ் அப்படியே தங்கிவிட்டது. வணிகவரிச் சாவடியின் முன்னால் லாரிகள் காத்துக் கிடந்த காலம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. அந்த லாரிகளுக்கு நடுவே நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர் அந்தப் பெரியவர். தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். மலையாளம் பேசுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

லாரியை விட்ட பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். 2014 மாடல். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. பாட்டு வரும், ரிவர்ஸ் எடுத்தால் பின்புறம் தெரியும். ஒருநாள் போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி மலையில் ஏறும்போது, அந்தத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ரேடியோ சம்பந்தமாக ஏதோ சொல்கிறது என்று நினைத்தார். அடுத்த கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் புகை கிளம்பியது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வண்டியில் இருந்தவர்கள் ஜீப் பிடித்து ஊர் திரும்பினார்கள். பழுதுச் செலவைவிட அவரை அதிகம் தாக்கியது மெக்கானிக் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை: “ஸ்க்ரீன்ல அப்பவே சொல்லியிருக்குமே.” அன்று ஆணியில் மாட்டிய சாவியை அவர் பிறகு எடுக்கவில்லை.

மகன் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்து, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். திரையைத் தமிழ் பேச வைத்துவிடலாம் என்று முதலில் எளிதாக நினைத்தார். முடியவில்லை. கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேரில் தமிழ் கிடையாது. புதிதாக எதையும் ஏற்ற முடியாதபடி அதற்குப் பூட்டும் போட்டிருந்தது. கம்பெனி அந்த மாடலுக்குப் புதுப் பதிப்பு விடுவதையும் நிறுத்திவிட்டது.

கார் இருபது வருஷம் ஓடும். அதன் திரைக்கு அத்தனை ஆயுள் இல்லை. உலகமெங்கும் இதே கதைதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு வானொலி நிலையம், ஒலியோடு சேர்த்து சில படக் கோப்புகளையும் அனுப்பியது. கோப்பின் பெயரில் வால் எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. அவ்வளவுதான். 2014 முதல் 2017 வரை வந்த சில மாஸ்டா கார்களின் திரைகள் குழம்பி, அந்த நிலையத்தை விட்டு நகராமல் நின்றுவிட்டன. அதே மாதம் பல பழைய ஹோண்டா கார்களின் கடிகாரங்கள் 2002-க்குத் திரும்பிப் போயின.

மகன் பூட்டை உடைக்கவில்லை. பக்கத்து வாசல் வழியாக நுழைந்தார். பின்புற கேமராவின் படம் திரைக்கு வர ஒரு ஒயர் உண்டு. 2012-இல் பிரிட்டனில் அறிமுகமான ராஸ்பெரி பை என்னும் சின்ன கம்ப்யூட்டரை அந்த ஒயரில் இணைத்தார். நடுவில் ஒரு ரிலே. ரிவர்ஸ் கியர் போட்டால் கேமராவின் படம்தான் வர வேண்டும்; மற்ற நேரத்தில் அவருடைய எழுத்து வரும். வண்டியை அணைக்கும்போது மின்சாரம் சட்டென்று போனதில் மெமரி கார்டு இரண்டு முறை கெட்டது. ஓடும்போது அதில் எதுவும் எழுதாதபடி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

எஞ்சினின் சூட்டைத் தெரிந்துகொள்வது அத்தனை கஷ்டமாக இல்லை. மெக்கானிக்குகள் கருவி மாட்டிப் பார்க்கும் 16 ஊசி சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதனிடம் ‘01 05’ என்று கேட்டால் ஓர் எண் வரும். 40-ஐக் கழித்தால் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பம். 130 வந்தால் 90 டிகிரி. அந்த வழியாக வண்டிக்குக் கட்டளை அனுப்பவும் முடியும். ஆனால் படிப்பதோடு நிறுத்திக்கொண்டார். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை அதன் திரைக் கருவி வழியாகவே தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டியதை அவர் படித்திருந்தார். அதன் விளைவாக 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

சிரமம் தமிழில்தான் வந்தது. ‘கொதிக்கிறது’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி என்றுதான் எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடமும் காலை வலமும் பிரித்து வைப்பது, திரையில் எழுத்தை வரையும் நிரலின் வேலை. முதலில் பயன்படுத்திய நிரலுக்கு அது தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் நின்ற காரில் அப்பாவை உட்கார வைத்துக் காட்டினார். திரையில் இப்படி இருந்தது: ‘குளிர்விப்பான் வெப்பநிலை மிகை.’

பெரியவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். “தமிழ்தான். குளிர்விப்பான்னா என்ன கண்ணு?”

“ரேடியேட்டர் தண்ணிங்கப்பா.”

“அதை அப்படியே எழுதறதுக்கென்ன?”

ஆங்கிலம் போய், அதே இடத்தில் அவருக்குப் புரியாத தமிழ் வந்து உட்கார்ந்திருந்தது. மகன் லேப்டாப்பை எடுத்து வந்து பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டார். எந்தச் சூட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று பெரியவர் சொல்லச் சொல்ல அடித்தார். 105 டிகிரியில்: ‘தண்ணி சூடாகுது. ஏ.சி.யை நிறுத்து.’ 112-இல்: ‘வண்டியை ஓரங்கட்டு. மூடியைத் திறக்காதே.’ இரண்டாவது வாக்கியம் முழுக்க அவருடையது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து கை வெந்துபோன கிளீனர் பையன்களைப் பார்த்தவர் அவர். கார் கம்பெனியின் வரியில் அந்த எச்சரிக்கை இல்லை.

“அப்பாவுக்கு உத்தரவு போடற மாதிரி இருக்குதுங்களே” என்றார் மகன்.

“எனக்குச் சொல்றதில்லையே, டிரைவருக்குச் சொல்றது” என்றார் பெரியவர்.

மறுநாள் காலை ஆணியில் சாவி இல்லை. கொழிஞ்சாம்பாறை வரை போய் மாட்டுத் தீவனம் வாங்கி வந்திருந்தார். திரையில் போகவர ஓடியது ஒரே வரிதான்: ‘சூடு சரியா இருக்குது.’ அது ரொம்ப நேரம் பேசுகிறது, ஒன்றும் இல்லையென்றால் சும்மா இருக்கச் சொல் என்று மகனிடம் புகார் செய்தார். அன்று சாயங்காலமே அந்த வரி எடுக்கப்பட்டது.