கொல்லைப்புறத்தில் ஒரு லால்பாக்!

நண்பனின் தம்பி கல்யாணத்துக்காக ஒரு ஜனவரியில் பெங்களூரு போனேன். மொய் எழுதினோமா, பிஸிபேளாபாத் சாப்பிட்டோமா என்று திரும்பியிருந்தால் வம்பில்லை. ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று லால்பாக்குக்குள் நுழைந்தேன். அதுதான் தப்பு.

ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்து வைத்த தோட்டம். இன்று 240 ஏக்கர். உள்ளே, லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டிய கண்ணாடி மாளிகை. 1889-ல் அஸ்திவாரக் கல் நாட்டியிருக்கிறார்கள். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி இதற்குள்தான். இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை, பக்கங்களில் தாராளமாகக் காற்று. (இந்தக் காற்று சமாசாரத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அடிக்கோடிடவில்லை.)

அதே லால்பாக்கில் போன்சாய் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. கிழமரத்துக்கு உண்டான பருத்த அடி, முறுக்கிய கிளை, சகல லட்சணங்களோடும் குட்டி குட்டி மரங்கள். 'நம் கொல்லையிலும் இப்படி ஒன்று போட்டால் என்ன?' என்று தோன்றியது. இந்த மாதிரி யோசனையெல்லாம் மனைவி பக்கத்தில் இல்லாத போதுதான் வரும்.

* * *

மேற்குத் தாம்பரத்தில் என் கொல்லை 12-க்கு 10 அடி. அதில் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், சத்தம் மட்டும் போடும் ஒரு மோட்டார், துணி காயும் இரண்டு கொடி.

"இதுல கண்ணாடி மாளிகையா? துணி எங்கே காயப் போடறதாம்?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் பேச்சை மாற்றினேன்.

'போன்' என்றால் ஜப்பானிய மொழியில் தட்டு. 'சாய்' என்றால் நடுவது. தட்டு கடையில் கிடைக்கும். மரம்?

அது கும்பகோணத்தில் இருந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் எங்கள் பூர்வீக வீட்டை விற்றோம். அடுக்குமாடி வரப் போகிறதாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அப்பா, அதற்குப் பிறகு "காபி", "பேப்பர்", "ஃபேனைப் போடு" என்று மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமா, துக்கமா? கேட்கிற தைரியம் எனக்கில்லை.

அந்த வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஓர் ஆலங்கன்று உண்டு. ஏதோ பறவை போட்ட எச்சத்தில் முளைத்தது. "கட்டடத்தையே பிளந்துடும் சனியன்" என்று அப்பா வருஷா வருஷம் போகியன்று அரிவாளால் வெட்டுவார். அது வருஷா வருஷம் துளிர்க்கும். இருபது வருஷமாக நடந்த பங்காளிச் சண்டை அது. எப்படியும் இடிக்கப் போகிற சுவர்தானே என்று ஒரு கொத்தனாரைப் பிடித்து, செங்கல்லைப் பெயர்த்து, வேரை ஈரக் கோணியில் சுற்றி ராத்திரி ரயிலில் கொண்டு வந்தேன். ஆலங்கன்றுக்கு லோயர் பெர்த். எனக்கு அதன் காலடி.

அப்பா பார்த்தார். "வளர்ற மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்கறது பாவம்டா" என்றார். பாவமோ புண்ணியமோ, நாலாவது வார்த்தை வந்ததே!

* * *

நாலு சவுக்குக் கட்டை நட்டேன். கண்ணாடிக்கு வசதியில்லாததால் கெட்டி பிளாஸ்டிக் ஷீட். மேலே, பக்கவாட்டில், ஒரு பொட்டு இடுக்கு இல்லாமல் அடைத்தேன். பி.காம். படித்த பாவத்துக்குச் செலவுக் கணக்கும் எழுதினேன். அதை மனைவி கண்ணில் படாமல் வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

மே மாதம் வந்தது. ஒரு மத்தியானம் உள்ளே நுழைந்தவன் இட்லிப் பானையைத் திறந்தவன் மாதிரி பின்வாங்கினேன். ஆலங்கன்றில் பாதி இலை உதிர்ந்து கிடந்தது.

வண்டலூர் போகிற வழியில் இருந்த நர்சரிக்குக் கன்றோடு ஓடினேன். அங்கிருந்த பெரியவர் என் மாளிகையின் வர்ணனையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணாடி வூடுன்றது பனி கொட்டற ஊருக்கு சார். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போவாது. அங்கே அது போர்வை. நம்மூர்ல மே மாசத்துக்குப் போர்வை கேக்குதா உங்களுக்கு? பெங்களூர் நம்மைவிட எத்தினி உசரம்!"

தொள்ளாயிரம் மீட்டர் உயரத்து ஊரில், காற்றோட்டமான மாளிகையைப் பார்த்துவிட்டு வந்து, கடல்மட்டத்தை ஒட்டிய தாம்பரத்தில் நான் காற்றே புகாமல் கட்டியிருக்கிறேன்!

பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டுப் பாதி வெயிலை மறைக்கிற பச்சை ஷேட் நெட்டைக் கூரைக்கு மட்டும் போடச் சொன்னார். வெறும் மண் ஆகாது, செம்மண்ணோடு மணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் மக்கிய சாணமும் கலந்தால்தான் தண்ணீர் தேங்காது என்றார். பட்டினி என்பதும் பொய்யாம். தட்டில் மண் கம்மி, சீக்கிரம் காயும். கோடையில் இரண்டு வேளை தண்ணீர், அவ்வப்போது எரு. சுருங்கச் சொன்னால் மாப்பிள்ளைக் கவனிப்பு. கிளையையும் வேரையும் காலாகாலத்தில் வெட்டுவதுதான் குள்ள ரகசியம்.

கிளம்பும்போது அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். "யார் சார் இத்தினி வருஷம் இதை வெட்டி வெட்டி வளர்த்தது? இந்தப் பருமன் சும்மா வராது. நல்ல கை."

* * *

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தினார்.

"நான் கொல்லப் பார்த்தேன்டா. வளர்க்கலை."

"அதைத்தான் அவர் நல்ல கைன்னு சொல்றார்."

சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, படித்து வைத்திருந்த ஓமியா கதையையும் எடுத்துவிட்டேன். 1923 பூகம்பத்தில் டோக்கியோ நாசமானபோது, அங்கே போன்சாய் வளர்த்த தோட்டக்காரர்கள் மரங்களோடு வடக்கே ஓமியாவுக்குப் போய், 1925-ல் போன்சாய் கிராமம் ஒன்றை உண்டாக்கினார்கள். அங்கே குடியேற அந்தக் காலத்தில் நிபந்தனைகள் இருந்தன: பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, செடிதான் வேலி, யார் வந்தாலும் வாசல் திறந்திருக்க வேண்டும். இன்றும் அங்கே நர்சரிகள் இருக்கின்றன. 2010-ல் போன்சாய்க்கென்றே ஒரு மியூசியமும் திறந்தார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீடு போச்சு. மரத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, இல்லே?" என்றார். மறுநாள் காலையில் கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் ஊற்றவில்லை.

இலை மறுபடி வந்தது. கிளையை வளைக்க நான் சுற்றியிருந்த அலுமினியக் கம்பியை ஒரு நாள் அப்பா கழற்றிக் கொண்டிருந்தார். "பட்டையிலே பதிய ஆரம்பிச்சாச்சு. குழந்தைக்குப் போட்ட காப்பை, கை பெருத்தா கழட்ட வேண்டாமா?" இந்த வித்தையை எந்த நர்சரியில் படித்தாரோ! ஷேட் நெட்டுக்கு அடியில் இப்போது ஏழு தட்டுகள். துணி மொட்டை மாடிக்குப் போய்விட்டது; மனைவியின் கோபம் மட்டும் இன்னும் கீழேயே இருக்கிறது.

அடுத்த ஜனவரி. போகியன்று காலையில் அப்பா கொல்லைப் பக்கம் போனார். கையில் கும்பகோணத்து அரிவாள். நான் பல் விளக்குவதை விட்டுவிட்டு நுரையோடு ஓடினேன்.

"ஏண்டா பதறறே? ஒரே ஒரு கிளைதான். இருபது வருஷப் பழக்கம், விட முடியுமா?"

வெட்டினார். சரியாக, நான் எங்கே வெட்டுவது என்று ஒரு மாதமாக யோசித்துக் கொண்டிருந்த இடத்தில்.